கட்சி சாயம் ஒட்டாம ஒரு வாக்காளர் குழுவ நடத்துறது எப்படி?

கேள்வி: நாங்க ஒன்பது பேர் சேர்ந்து போன வருஷம் எங்க ஏரியாவுல ஒரு குழு ஆரம்பிச்சோம். கட்சி எதுவும் கிடையாது, எல்லாரும் ஓட்டு போடணும், அவ்ளோதான் நோக்கம். இப்ப மூணு பிரச்சனை. எங்கள்ல ஒருத்தர் ஒரு கட்சி மேடையில நின்ன போட்டோவ வாட்ஸ்அப்ல போட்டுட்டாரு, பாதி பேர் கோவத்துல இருக்காங்க. அடுத்த தேர்தல்ல நிக்கப்போற ஒருத்தர் "நோட்டீஸ் அடிக்கிற செலவ நான் பாத்துக்கறேன், என் பேர்கூட போட வேணாம்"னு சொல்றாரு. அப்புறம் மீட்டிங்குக்கு இப்பல்லாம் மூணு பேர்தான் வர்றாங்க. குழுவ தொடரலாமா, கலைச்சிடலாமா?

பதில்: கலைச்சிடாதீங்க. நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன், இதுல எதுவுமே குழுவ மூடுற அளவுக்கு பெரிய விஷயம் இல்ல, ஆனா மூணையும் உடனே கவனிக்கணும், ஏன்னா இந்த மாதிரி குழுவுக்கு சொத்துன்னு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அது ஜனங்களோட நம்பிக்கை. தேர்தல் நேரத்துல ஒருத்தர் வீட்டுக் கதவ தட்டுறவங்க எல்லாருமே "யாருக்கு போடப்போறீங்க"ன்னு மனசுல கணக்கு போட்டுக்கிட்டே தட்டுறாங்க, அந்தக் கணக்கு இல்லாம வர்ற ஒரே ஆள் நீங்கதான். அந்த நம்பிக்கை போச்சுன்னா நீங்க எவ்ளோ நோட்டீஸ் குடுத்தாலும் அது இன்னொரு கட்சி நோட்டீஸ்தான்.

முதல்ல அந்த நண்பர் விஷயம். அவர் ஒரு கட்சிய ஆதரிக்கிறது தப்பே இல்ல, சொல்லப்போனா அரசியல்ல ஆர்வம் இல்லாதவங்கள வச்சு ஓட்டு போடச் சொல்ற குழுவ நடத்தவே முடியாது. நடுநிலையா இருக்க வேண்டியது குழுதான், அதுல இருக்கற மனுஷங்க மனசுக்குள்ள என்ன வச்சிருக்காங்கன்னு நாம கேக்கக்கூடாது. ஆனா குழுவோட முகமா யார் நிக்கிறாங்களோ, அதாவது தலைவர், பொருளாளர், மைக் புடிச்சு பேசுறவங்க, குழு பேர்ல லெட்டர்ல கையெழுத்து போடுறவங்க, இவங்க மட்டும் கட்சி மேடையில ஏறக்கூடாது, வேட்பாளருக்கு பிரச்சாரம் பண்ணக்கூடாது. அமெரிக்காவுல 1920ல ஆரம்பிச்ச பெண் வாக்காளர் லீக் இன்னிக்கு வரைக்கும் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கிறதும் இல்ல, எதுக்கிறதும் இல்ல, பொறுப்புல இருக்கறவங்க வெளிய என்னென்ன அரசியல் வேலை செய்யலாம் கூடாதுன்னு எழுத்துலயே வச்சிருக்காங்க. உங்ககிட்ட எழுத்துல ஒண்ணும் இல்ல, அதான் இப்ப சண்டை ஆளுக்கும் ஆளுக்குமா போகுது. விதி எழுதியிருந்தா "நீ ஏன் போன"ன்னு யாரும் கேக்க வேண்டியதில்ல, "விதிப்படி தேர்தல் முடியற வரைக்கும் நீங்க பொறுப்புல இருந்து விலகி இருங்க, முடிஞ்சதும் வாங்க"ன்னு மரியாதையா சொல்லலாம், அவருக்கும் மூஞ்சி போகாது.

அந்த விதி ஒரு பக்கத்துக்கு மேல வேணாம். பொறுப்புல இருக்கறவங்க என்ன செய்யக்கூடாது, யார்கிட்ட காசு வாங்கக்கூடாது, குரூப்ல என்ன போடக்கூடாது, மீறினா யார் பேசுறது, இது நாலும் இருந்தா போதும். வாட்ஸ்அப் குரூப்ப ரெண்டா பிரிச்சிடுங்க, ஒண்ணு வேலைக்கு மட்டும், அதுல தேதி, தெரு, யார் போறது தவிர வேற எதுவும் வரக்கூடாது. அரட்டைக்கு வேணும்னா குழு பேர் இல்லாம தனியா ஒண்ணு வச்சுக்கட்டும்.

இன்னொரு கேள்வி சீக்கிரமே வரும், அதையும் இப்பவே முடிவு பண்ணி வச்சிடுங்க. ரோடு, தண்ணி மாதிரி விஷயத்துல நாம கருத்து சொல்லலாமான்னு யாராவது கேப்பாங்க. நான் மேல சொன்ன லீக் கொள்கை விஷயத்துல எல்லாம் நிலைப்பாடு எடுக்கும், ஆனா அவங்களுக்கு நூறு வருஷப் பேரும் அதுக்குன்னு ஒரு நடைமுறையும் இருக்கு. ஒன்பது பேர் இருக்கற குழு முதல் ரெண்டு தேர்தல் வரைக்கும் அந்தப் பக்கமே போக வேணாம்ங்கறது என் கருத்து.

காசு. வேணாம்னு சொல்லிடுங்க. "பேர் போட வேணாம்"னு அவர் சொல்றது பெருந்தன்மையாத்தான் தெரியும், அவர் நல்ல எண்ணத்துலயே கூட சொல்லியிருக்கலாம், ஆனா பேர் போடாத காசுதான் பின்னாடி பெரிய தலைவலி, ஏன்னா அது வெளிய தெரியும்போது நீங்க மறைச்ச மாதிரி ஆயிடும். நான் முதல்ல இருந்த குழு உடைஞ்சதே இப்படித்தான், ஒரு கூட்டத்துக்கு ஹாலும் நாற்காலியும் ஒருத்தர் இலவசமா ஏற்பாடு பண்ணிக்குடுத்தாரு, ஆறு மாசம் கழிச்சு அவர் தேர்தல்ல நின்னாரு, அதுக்கப்புறம் நாங்க எந்த வீட்டுக்குப் போனாலும் "ஓ, அவரோட ஆளுங்களா"ன்னுதான் கேட்டாங்க. அத மாத்த எங்களால முடியவே இல்ல. ஆளுக்கு கொஞ்சம் போட்டு, வரவு செலவ மாசாமாசம் யார் வேணா பாக்கற மாதிரி ஒட்டிடுங்க. நோட்டீஸ குறைச்சு அடிங்க, அது ஏன்னு கீழ சொல்றேன்.

அச்சடிக்கறதுக்கு முன்னாடி உங்க நாட்டு சட்டத்தையும் ஒரு தடவ பாத்துடுங்க, ஒரே வேலை ஒரு இடத்துல சேவை, இன்னொரு இடத்துல குற்றம். இந்தியாவுல தேர்தல் துண்டுப்பிரசுரத்துல அச்சடிச்சவர் பேரும் வெளியிட்டவர் பேரும் இருக்கணும். வாக்காளர வண்டியில கூட்டிட்டுப் போறதயே எடுத்துக்குங்க, அமெரிக்காவுல பூத்துக்கு இலவசமா வண்டி விடுறது சாதாரண விஷயம், ஆனா இந்தியாவுல ஒரு வேட்பாளரோ அவர் சம்மதத்தோட வேற யாரோ வாடகைக்கு வண்டி புடிச்சு வாக்காளர ஏத்திட்டுப் போனா அது ஊழல் நடவடிக்கைங்கற கணக்குல வந்து ஜெயிச்ச தேர்தலே செல்லாமப் போகலாம். அதே அமெரிக்காவுல "ஓட்டு போட்டுட்டு வந்தா பரிசு"ன்னு அறிவிச்சீங்கன்னா, தேசியத் தேர்தலா இருந்தா அது குற்றம், யாருக்கு போட்டாங்கன்னு நீங்க கேக்கவே இல்லன்னாலும்கூட. அதனால குலுக்கல், பரிசு, கூப்பன் மாதிரி ஐடியா யாராவது கொண்டுவந்தா சந்தோஷமா கேட்டுட்டு ஒரு வக்கீல்கிட்ட விசாரிக்காம ஒரு அடி எடுத்து வைக்காதீங்க.

சரி, இப்ப வேலைக்கு வர்றேன், எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி இதுதான். எது உண்மையிலேயே ஆள பூத்துக்கு கொண்டுவருதுன்னு கெர்பர், கிரீன்னு ரெண்டு பேராசிரியர்கள் 1998ல அமெரிக்காவுல நியூ ஹேவன் நகரத்துல சோதிச்சுப் பாத்தாங்க, சுமார் 30,000 வாக்காளர்கள், சில பேருக்கு லெட்டர், சில பேருக்கு போன், சில பேர் வீட்டுக்கு நேர்லயே ஆள் போனாங்க, யாருக்கு எதுங்கறத குலுக்கல் மாதிரி பிரிச்சாங்க. கட்சி பேர் எதுவும் கிடையாது, வெறும் "ஓட்டு போடுங்க"தான். நேர்ல போய் பேசினதுக்கு நல்ல பலன், லெட்டருக்கு கொஞ்சம், காசு குடுத்து போன் கம்பெனி வழியா பேசினதுக்கு பலனே இல்ல. அதனாலதான் நோட்டீஸ குறைங்கன்னேன். உங்க ஒன்பது பேரும் வீடு வீடா நடந்து போறதுதான் உங்க பட்ஜெட்.

அதே ஆளுங்க 2006ல அமெரிக்காவோட மிச்சிகன் மாநிலத்துல இன்னொரு சோதனை பண்ணாங்க. அங்க யாருக்கு ஓட்டுங்கறதுதான் ரகசியம், போட்டாங்களா இல்லையாங்கறது பொதுப் பதிவு. ஒண்ணுமே அனுப்பாத வீடுகள்ல 29.7 சதவீதம் பேர் போட்டாங்க, "இது உங்க கடமை"ன்னு மட்டும் லெட்டர் போன வீடுகள்ல 31.5, ஆனா "உங்க அக்கம்பக்கத்துல யார் போட்டாங்க யார் போடலன்னு தேர்தலுக்கப்புறம் மறுபடி பட்டியல் அனுப்புவோம்"னு எழுதின வீடுகள்ல 37.8. பெரிய வித்தியாசம்தான், இத படிச்சுட்டு நிறைய பேர் உடனே இத செய்யலாம்னு குதிப்பாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க. அடுத்த தேர்தலுக்கும் அதே கதவத்தான் நீங்க தட்டணும், அக்கம்பக்கத்துல ஒருத்தர அவமானப்படுத்திட்டு மறுபடி போய் சிரிச்சுப் பேச முடியாது. இதுல எடுத்துக்க வேண்டியது ஒண்ணுதான், கடமை கடமைன்னு சொல்றதுக்கு பலம் கம்மி, நம்மள யாரோ கவனிக்கறாங்கன்னு தோணுறதுக்கு பலம் ஜாஸ்தி. அந்தக் கவனிப்ப அன்பாவே குடுக்கலாம், "போன தடவ வந்தீங்களே, ரொம்ப சந்தோஷம், இந்த தடவையும் பாக்கலாம்"னு சொன்னா அதுவும் கவனிப்புதான்.

அப்ப கதவு திறந்ததும் என்ன பேசுறது? 2008ல அமெரிக்காவோட பென்சில்வேனியா மாநிலத்துல நடந்த ஒரு சோதனைய வச்சு சொல்றேன், அது போன்ல பேசி நடந்தது, ஆனா கேள்விங்க கதவுலயும் கேக்கலாம். வெறுமனே போடுங்கன்னு சொன்னதவிட மூணு கேள்வி கேட்டப்ப நல்லா வேலை செஞ்சுது: எத்தனை மணிக்கு போவீங்க, எங்கருந்து கிளம்புவீங்க, அதுக்கு முன்னாடி என்ன வேலையா இருப்பீங்க. ஓட்டு இருக்கற ஆள் ஒருத்தரே இருக்கற வீட்டுல இது இன்னும் நல்லா எடுபட்டுச்சு, ரெண்டு மூணு பேர் இருக்கற வீட்டுல ஏற்கனவே "காலைல சேர்ந்து போயிடலாம்"னு அவங்களுக்குள்ளயே பேசிக்கறதால இருக்கலாம். அதனால தனியா இருக்கற வயசானவங்க, புதுசா வாடகைக்கு வந்தவங்க, இவங்க வீட்டுல அஞ்சு நிமிஷம் கூடவே செலவு பண்ணுங்க. நிறைய பேர் இருக்கற வீட்டுல எல்லார்கிட்டயும் பேசியே ஆகணும்னு இல்ல, 2002ல ரெண்டு ஊர்ல பண்ண ஒரு ஆய்வுல, கதவ திறந்த ஒருத்தர்கிட்ட ஏற்பட்ட பலன்ல ஏறக்குறைய 60 சதவீதம் அந்த வீட்டுல இருந்த இன்னொருத்தருக்கும் போய்ச் சேர்ந்துச்சு.

ரெண்டு ரெண்டு பேரா போங்க, முடிஞ்சா வேற வேற கட்சி அபிமானம் உள்ளவங்கள ஜோடி சேருங்க. ஒருத்தர் வாய் தவறினாலும் இன்னொருத்தர் இருக்காரு. "நீங்களே சொல்லுங்க, யாருக்கு போடலாம்?"னு கேப்பாங்க, கண்டிப்பா கேப்பாங்க, அதுக்கு ஒன்பது பேரும் ஒரே பதில் வச்சுக்குங்க: "அத சொல்றதுக்கு நாங்க வரல, உங்களுக்கு எது முக்கியம்னு நினைக்கிறீங்களோ அத வேட்பாளர்கள்கிட்ட கேளுங்க." வீட்டுல கேட்ட எதையும் குறிச்சு வைக்காதீங்க, பூத் தெரியல, பட்டியல்ல பேர் இல்ல, தேர்தல் அன்னிக்கு துணை வேணும், இது மட்டும் போதும். யார் எந்தக் கட்சின்னு எழுதவே இல்லன்னா அது யார் கைக்கும் போகாது.

எல்லாரும் கவனிக்காம விடுற ஒரு விஷயம், தெரு தேர்ந்தெடுக்கறது. நீங்க வாயத் திறந்து ஒரு கட்சி பேர் சொல்லாட்டியும், ஒரு கட்சிக்கு பலமான தெருவா பாத்து மட்டும் போனீங்கன்னா நீங்க அந்தக் கட்சிக்குத்தான் வேலை செஞ்சிருக்கீங்க. தெரிஞ்சவங்க இருக்கற தெருவுக்குப் போறது ஈஸிங்கறதால இது வேணும்னே செய்யாமலே நடக்கும். ஓட்டுப்பதிவு கம்மியா இருந்த இடங்கள எடுங்க, இல்லன்னா எல்லா தெரு பேரையும் சீட்டுல எழுதி குலுக்கிப் போடுங்க, எப்படி எடுத்தோம்னு எழுதியும் வைங்க. சீட்டு எடுத்தா இன்னொரு லாபம், போன தெருவுக்கும் போகாத தெருவுக்கும் என்ன வித்தியாசம்னு பின்னாடி ஒப்பிட்டுப் பாக்கலாம், ஒன்பது பேர் வேலைக்கு அது துல்லியமா இருக்காது, ஆனா அடுத்த தடவைக்கு ஒரு வழி காட்டும்.

வேட்பாளர் கூட்டம் நடத்துற ஆசை வந்தா எல்லாருக்கும் ஒரே நாள்ல ஒரே லெட்டர், பேசுற வரிசை சீட்டு எடுத்து, நேரம் எல்லாருக்கும் ஒண்ணு. ஒருத்தர் மட்டும்தான் வர்றாருன்னா கூட்டத்த நிறுத்திட்டு அதே கேள்விகள எல்லாருக்கும் அனுப்பி வர்ற பதில அப்படியே வெளியிடுங்க.

மீட்டிங்குக்கு ஆள் வராததுக்கு வர்றேன். வராததுக்கு காரணம் அங்க வேலை இல்லாததுதான்னு நினைக்கிறேன், தேர்தல் முடிஞ்சு அடுத்த தேர்தல் வரைக்கும் பேசிட்டு கலையறதுன்னா யார் வருவாங்க. ஆனா உண்மையில தேர்தல் இல்லாத காலத்துலதான் பாதி வேலை இருக்கு, அதான் வாக்காளர் பட்டியல். வீடு மாறினவங்க, பேர் தப்பா இருக்கறவங்க, புதுசா வயசு வந்தவங்க, இவங்க யாருக்குமே தேர்தல் அன்னிக்கு காலைல உதவ முடியாது, அதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே போயிருக்கணும். அமெரிக்காவுல நிறைய மாநிலங்கள்ல தேர்தலுக்கு சில வாரம் முன்னாடியே பதிவு முடிஞ்சிடும். இந்தியாவுல இப்ப ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1ன்னு வருஷத்துக்கு நாலு தகுதி நாள், அதாவது 18 வயசு ஆயிடுச்சான்னு பாக்கற நாள், இருக்கு, 17 வயசுலயே முன்கூட்டி படிவம் 6, அதாவது பட்டியல்ல புதுசா பேர் சேக்கற விண்ணப்பம், குடுக்கலாம், அப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவ செய்ய வேலை தானா வருது பாருங்க. உங்க நாட்டுக் கடைசித் தேதிகள எடுத்து வருஷ காலண்டர்ல குறிச்சு, "இந்த சனிக்கிழமை ரெண்டு மணி நேரம், ரெண்டு தெரு, இருபது வீடு"ன்னு சின்னச் சின்னதா பிரிச்சுக் குடுங்க. மீட்டிங்னா வராதவங்க இருபது வீட்டுக்கு வருவாங்க, இத நான் திரும்பத் திரும்ப பாத்திருக்கேன், ஏன்னா ஒரு பாட்டி "பட்டியல்ல என் பேர் வந்துடுச்சுப்பா"ன்னு சொல்றத ஒரு தடவ கேட்டவங்க அடுத்த சனிக்கிழமை கூப்பிடாமலே வந்துடுவாங்க.

இந்த வாரம் முதல் வேலையா அந்த நண்பர நேர்ல பாருங்க, குரூப்ல பேசாதீங்க. ஒரு பக்க விதிய அவரையே கூட உக்கார வச்சு எழுதுங்க, எதுக்கு விதி வேணும்னு இப்ப உங்கள்ல அவருக்குத்தான் நல்லாத் தெரியும். அந்த வேட்பாளருக்கு ரெண்டு வரி போதும்: "நீங்க கேட்டதுக்கு நன்றிங்க, தேர்தல்ல நிக்கிற யார்கிட்டயும் நாங்க எதுவும் வாங்கறதில்ல, உங்கள எதுத்து நிக்கிறவங்க கேட்டாலும் எங்க பதில் இதேதான்." எழுத்துல அனுப்பி ஒரு காப்பிய உங்க கணக்கு நோட்டோட வைங்க.