கேளுங்க ஆச்சி: கடல்ல ஒரு நடப்பு வட்டி

கேள்வி: தம்பி, எம்மகன் சரக்குக் கப்பல்ல செகண்ட் ஆபீசர், அடுத்த ட்ரிப் சோமாலியா பக்கம் ஏடன் வளைகுடா வழியாம். கடல் கொள்ளைக்காரங்க வராம பல நாட்டு நேவி சேந்து காவலுக்கு நிக்கிதுங்குறான். ஒண்ணுக்கொண்ணு முறைச்சுக்குற நாடுங்க இதுல மட்டும் எப்படி ஒத்துப்போகும்? (காரைக்குடி வாசகி)

பதில்: ஆச்சி, உங்களுக்குத் தெரியாததா, அந்தக் காலத்துல ரங்கூன்லயும் பினாங்குலயும் வட்டிக்கடை வச்சிருந்த நம்ம செட்டியாருங்க கடைக்குக் கடை போட்டிதான், ஆனா கோயில்ல கூடுனா அந்த மாச நடப்பு வட்டிய, அதான் எல்லாருக்கும் பொதுவான வட்டி விகிதத்த, சேந்து பேசி முடிச்சிருவாங்க, அப்புறம் அவங்கவங்க கல்லா அவங்கவங்களுக்கு. இங்கயும் அப்படித்தான். இந்தியா 2008 அக்டோபர்லருந்து அங்க ரோந்து போகுது, சீனாவும் ஜப்பானும் தனித்தனியா சரக்குக் கப்பலுங்களுக்குத் துணைக்குப் போச்சு, ஒரே நேரத்துல எல்லாரும் கிளம்பிட்டா மத்த நேரம் யாரும் இல்லாம போயிருமேன்னு 2012ல மூணும் பேசி டைம் டேபிள் போட்டுக்கிட்டாங்க. எல்லைத் தகராறு ஒண்ணும் தீரல, அது வேற கணக்கு.

பஹ்ரைன்ல ஒரு கூட்டுக் கடற்படை இருக்கு, கொள்ளைக்காரனுக்குன்னே 151ன்னு தனிப்படை, 2009ல ஆரம்பிச்சது. தலைமை நாடு மாத்தி நாடு சுத்தி வரும், பாகிஸ்தான்கூட தலைமை தாங்கியிருக்கு.

எனக்குப் பெரிய சிக்கலா படுறது புடிச்சதுக்கு அப்புறம்தான். புடிச்சவன எந்த ஊர் கோர்ட்ல நிறுத்துறதுன்னு தெரியாம துப்பாக்கிய மட்டும் புடுங்கிட்டு விட்டதெல்லாம் நடந்துச்சு. நம்ம நாட்டுல கடல் கொள்ளைக்குன்னே 2022ல தனிச்சட்டம் வந்துச்சு. அதனாலதான் 2024 மார்ச்ல கொள்ளைக்காரங்க கடத்தி வச்சிருந்த ரூயன்ங்குற கப்பல நம்ம போர்க்கப்பல் ஐஎன்எஸ் கொல்கத்தா மடக்குனப்ப, சி-17 விமானத்துலருந்து நம்ம நேவியோட மார்கோஸ் கமாண்டோக்கள் பாராசூட்ல குதிச்சு, 40 மணி நேரம் போராடி, 17 மாலுமிகளயும் மீட்டு, சரண்டரான 35 பேரயும் மும்பைக்குக் கொண்டாந்து போலீஸ்ல ஒப்படைக்க முடிஞ்சுது. கப்பல் மால்டா கொடி, மாலுமிங்க பல்கேரியா, மியான்மர், அங்கோலா. மாலுமிங்கள்ல நம்மாளு ஒருத்தன்கூட இல்ல ஆச்சி, ஆனாலும் நம்ம நேவி போனாங்கல்ல.

கேள்வி: மிலன் பயிற்சின்னு நம்ம நேவி கூப்பிட்டு பல நாட்டு நேவி கூடுறாங்களே, சும்மா போட்டோவுக்கா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: போட்டோவும் உண்டு. 1995ல மொத தடவை போர்ட் பிளேர்ல வெளிநாட்டு நேவி நாலே நாலுதான் வந்துச்சு, 2024ல விசாகப்பட்டினத்துக்கு சுமார் 50 நாடு. ஆளுக்கொரு பாஷை, ஆளுக்கொரு பழக்கம், ஆபத்து நேரத்துல ரேடியோல எப்படிப் பேசுறதுன்னு அன்னைக்கா உக்காந்து கத்துக்க முடியும்?

ஆச்சி, இன்னொண்ணு விட்டுப்போச்சு. அந்த ஏரியாவுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடியே கேப்டன் அங்க காவலுக்கு இருக்குற நேவிகிட்ட கப்பல் விவரத்த பதிஞ்சிட்டாரான்னு மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு வைங்க.