நர்ஸம்மா மீட்டிங் போயிருக்காங்க!

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: மருமகளுக்கு ஏழு மாதம். வெள்ளிக்கிழமை பிரஷர் பார்க்கத் துணை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். பூட்டு தொங்குகிறது. எதிர்க்கடையில் கேட்டால், "நர்ஸம்மா மீட்டிங்" என்கிறார்கள். போன மாதமும் இதே கதை. நாள் பூரா அங்கே என்னதான் பேசுவார்கள்?
- வாசகி, மணப்பாறை வட்டம்

பதில்: வயிற்றுப் பிள்ளைக்காரியை வெயிலில் கூட்டிப்போய்த் திரும்பியிருக்கிறீர்கள், கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அன்றைக்கு அங்கே உங்கள் மருமகளைப் பற்றியும் பேசியிருப்பார்கள்.

செவ்வாய் கர்ப்பிணிகள் கிளினிக், புதன் தடுப்பூசி. அந்த இரண்டு நாளில் மீட்டிங் என்றால் நாங்களே சண்டைக்குப் போவோம். மற்ற நாட்களில் ஒன்றில், வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பதிவேடுகளைச் சுமந்துகொண்டு பஸ் ஏறுவோம். (டேப்லெட் கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். பதிவேடு குறையும் என்று நினைத்தோம். இரண்டையும் சுமந்தோம்.)

காலையில் வட்டார மருத்துவ அலுவலர் ஒவ்வொரு துணை நிலையமாகக் கூப்பிடுவார். முதலில் 'ஹை ரிஸ்க் மதர்', அதாவது ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிகள் பட்டியல். உயரம் 145 சென்டிமீட்டருக்குக் கீழே, பிரஷர் 140/90ஐத் தொட்டவர், ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனவர், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 140ஐத் தொட்டவர், முதல் பிரசவம் சிசேரியன், இரட்டைப் பிள்ளை... ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கேட்பார்கள். பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில்? கூடப் போவது யார்? ரத்தம் வேண்டுமென்றால் கொடுக்க ஆள் இருக்கிறதா?

ஒருமுறை ஹீமோகுளோபின் ஆறரை இருந்த பெண் ஒருத்தி, வளைகாப்பு முடிந்த கையோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போனை எடுக்கவில்லை. எந்த ஊர் என்றுகூட மாமியார் சரியாகச் சொல்லவில்லை. மீட்டிங்கில் அவள் பெயரைப் படித்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒரு நர்ஸ், "அக்கா, அது எங்க ஏரியாப் புள்ளைதான்" என்றாள். அந்த வாரமே அவளைத் தேடிப்பிடித்து அயர்ன் சுக்ரோஸ் (நரம்பு வழியாக ஏற்றும் இரும்புச்சத்து மருந்து) ஏற்ற ஏற்பாடு செய்துவிட்டாள். ஆளாளுக்கு அவரவர் ஊரில் உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது.

மதியத்துக்கு மேல் நடப்பதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பிக்மியில் (கர்ப்பிணிகள் விவரத்தைப் பதியும் அரசு இணையதளம்) நாங்களே ஏற்றிய எண்களை நாங்களே எழுந்து நின்று வாசிப்போம். கம்ப்யூட்டரில் இருப்பதைக் காதால் கேட்க எதற்கு ஐம்பது பேரை உட்காரவைக்க வேண்டும்? காலையோடு விட்டிருந்தால், ஊர் திரும்பி நான்கு வீடாவது பார்த்திருக்கலாம். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்பது கணக்கு. அவர் இல்லாத நாளில் இன்னொருவர் வந்து உட்காரும் ஏற்பாடு பெரும்பாலும் இருக்காது.

அதனால் ஒன்று செய்யுங்கள். அந்தந்த மாதம் எந்த நாளில் எந்த ஊர் என்று நர்ஸிடம் முன்பயணத் திட்டம் இருக்கும். அதைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள், போன் நம்பரோடு. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மருமகளுக்கு விடாத தலைவலி, கண் மங்கல், முகத்தில் வீக்கம் என்று ஏதாவது இருந்தால் நர்ஸம்மா வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சாதாரணச் சந்தேகம் என்றால் 104இல் கேட்கலாம்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் "உன் ஏரியாவில் மட்டும் ஏன் கர்ப்பிணிகள் பதிவு குறைவு?" என்று நிற்கவைக்கிறார்கள். அழுகை முட்டுகிறது.
- கிராம சுகாதார செவிலியர், தென் மாவட்டம்

பதில்: கண்ணு, இத்தனை கர்ப்பிணிகளைப் பதிய வேண்டும் என்று உனக்குக் கொடுக்கும் டார்கெட், ஜனத்தொகையைப் பிறப்பு விகிதத்தால் பெருக்கிப் போட்டது. உன் ஊர் இளசுகள் பாதிப்பேர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தால், அந்தப் பெருக்கலுக்குப் பிள்ளை எங்கிருந்து வரும்? வெறுங்கையோடு எழுந்து நிற்காதே. குடிபெயர்ந்த குடும்பங்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள், வெளியூரில் பதிவு செய்தவர்கள் என்று மூன்று பட்டியல் வீட்டு நம்பரோடு எழுதிக்கொண்டு போ. "சார், பிள்ளை பெறும் வயதுத் தம்பதிகள் இவ்வளவுதான், வேண்டுமானால் நாளைக்கே வந்து பாருங்கள்" என்று சொல். நான் பார்த்தவரை யாரும் வந்து பார்த்ததில்லை. அடுத்த மாதம் அந்தக் கேள்வியும் வராது.

ஒருவேளை நிஜமாகவே விட்டுப்போன கர்ப்பிணி இருந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிடு. நாள் தள்ளிப்போட்டால் கஷ்டப்படப்போவது அந்தப் பெண்.

கேள்வி: மீட்டிங்கில் டீ, வடை உண்டா?
- வாசகர், துறையூர்

பதில்: டீ உண்டு. வடை, மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வரும் மாதம் மட்டும்.