பிசென் கோப்பையின் அடியில் ஈர வளையம்: விரிசலா, கசிவா?

விரிசலாக இருக்க வாய்ப்பு குறைவு. டீ ஊற்றி அரை மணியில் மேசையில் ஈர வளையம் விழுகிறது, வெளியே கோடு எதுவும் தெரியவில்லை என்றால், மண்ணின் நுண்துளை வழியாக மெல்லக் கசிகிறது என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

ஜப்பானின் ஒகயாமா பகுதியில் செய்யும் பிசென் கோப்பைகளுக்குக் கண்ணாடி மாதிரியான மெருகுப் பூச்சே கிடையாது. சிவப்புப் பைன் மர விறகில் ஒரு வாரத்துக்கும் மேலாக, 1200 டிகிரிக்கு மேல் சுடுவதால்தான் மண் இறுகுகிறது. ஆனால் சூளைக்குள் எல்லா இடத்திலும் ஒரே சூடு இருக்காது. கொஞ்சம் குறைவாக வெந்த கோப்பை ஆரம்பத்தில் கசியும்.

முதலில் இதைப் பாருங்கள். இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாள் மேல் இரவு முழுக்க வையுங்கள். அடி முழுக்கப் பரவலாக ஈரமானால் நுண்துளை. ஒரே கோடாகவோ புள்ளியாகவோ நனைந்தால் விரிசல். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று கேட்பதும் விரிசலுக்கு அடையாளம்.

நுண்துளைதான் என்றால், அரிசி களைந்த தண்ணீரில் கோப்பையை மூழ்கவைத்து, குளிர்ந்த நிலையிலிருந்தே சிறு தீயில் அரை மணி காய்ச்சி, அதிலேயே ஆறவிடுங்கள். மாவுச்சத்து துளைகளை அடைக்கும். ஜப்பானில் இது பழைய வழக்கம்தான். அப்புறம் தினமும் குடிக்கக் குடிக்கக் கசிவு குறையும்.

ஒன்று மட்டும் கவனம்: முழுக்கக் காயாமல் அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். விரிசல் என்று தெரிந்தால் கொதிக்கவைக்கவே வேண்டாம்.