டச்சு எழுத்தாளர் யாக்கோப் இஸ்ரேல் டி ஹானின் சிதறிக் கிடக்கும் படைப்புகளை எப்படிப் பட்டியலிடுவது?

தற்பாலீர்ப்பாளரும் யூதருமான டி ஹான் (1881–1924) நாவல், கவிதை, சட்ட ஆய்வு, இதழியல் எனப் பல துறைகளில் எழுதியவர் என்பதால், நூலாக வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அவருடைய எழுத்தில் பெரும்பகுதி விடுபட்டுப்போகும்.

நூல்களுள் மிகுந்த கவனம் வேண்டியது 1904இல் வெளிவந்த 'பெய்பலெய்ன்ட்யஸ்' நாவல். இரு ஆண்களின் உறவைச் சொல்லும் அதன் பாத்திரங்களுக்கு முதற்பதிப்பில் யோப், சாம் என்று பெயர். நூலைக் காணிக்கையாகப் பெற்ற மருத்துவர் ஆர்னால்ட் அலெட்ரினோவை நண்பர்கள் சாம் என்றே அழைத்துவந்தனர். அதிர்ந்துபோன அவர் கிடைத்த படிகளையெல்லாம் வாங்கி அழிக்க முயன்றதால் அப்பதிப்பு மிக அரிதாகிவிட்டது. அதே ஆண்டில் பெயர்கள் மாற்றப்பட்டு மறுபதிப்பு வந்தது. ஆகவே ஆண்டை மட்டும் நம்பாமல், படியைத் திறந்து பாத்திரப் பெயர்களைப் பார்த்த பின்னரே தனித்தனியாகப் பதிவிட வேண்டும்.

உண்மையான உழைப்பைக் கேட்பவை, 1919இல் எருசலேமில் குடியேறிய பின் ஆம்ஸ்டர்டாம் நாளேடான 'அல்ஹமேன் ஹன்டல்ஸ்பிளட்'டுக்கு அவர் அனுப்பிய நூற்றுக்கணக்கான கட்டுரைகளே. நெதர்லாந்து தேசிய நூலகத்தின் டெல்ஃபர் தளத்தில் பழைய நாளேடுகளைத் தேடலாம் என்றாலும், மங்கிய அச்சைக் கணினி தவறாகப் படித்திருக்கும் இடங்களில் பெயர்த் தேடல் கைகொடுக்காது. இதழ் இதழாகப் புரட்டி, தலைப்பு, பக்கம், முதல் வரி ஆகியவற்றைக் குறித்துக்கொள்வதே பாதுகாப்பானது. கட்டுரைகள் அஞ்சலில் பயணித்தவை. எனவே எழுதிய தேதியையும் அச்சான தேதியையும் தனித்தனியே பதியுங்கள். அவர் 1924 ஜூன் 30 அன்று எருசலேமில் சுட்டுக் கொல்லப்பட்டதால், அவ்வாண்டுப் பதிவுகளில் இவ்வேறுபாடு மிகவும் இன்றியமையாதது.