பெகுவில் விளையும் உளுந்து

அன்புள்ள ஐயா,

பர்மாவில் பெகு பக்கத்தில் உங்கள் சித்தப்பா இன்னும் எருமை கட்டி உழுகிறார் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பர்மா என்றால் எங்களுக்குச் செட்டியார் வட்டிக்கடை, தேக்கு, 1942இல் ஜப்பான் படைக்குப் பயந்து காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள், 1964இல் கப்பலில் வந்தவர்கள், இவ்வளவுதான். அங்கே நம்மவர்கள் விவசாயமும் செய்தார்களா? இன்னும் செய்கிறார்களா? அப்புறம் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளக் கூடாது. பர்மிய விவசாயியின் நிலம் போனதற்கு நம்மவர்களே காரணம் என்று படித்திருக்கிறேன். அதைப் பற்றி நீங்கள் எழுதுவதே இல்லையே?

நான் மன்னார்குடிப் பக்கம். ஐந்து ஏக்கர் நிலம். சம்பா அறுப்புக்கு முன்பே நெல்லுக்குள் உளுந்து தெளித்துவிடுவோம். அங்கே என்ன செய்கிறார்கள்? இத்தனை கஷ்டத்துக்குப் பிறகும் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைச் சித்தப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். செட்டியார், கப்பல் எல்லாவற்றையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், உளுந்து தெளிக்கும் இடம் வந்ததும் "நிறுத்து, அதை மறுபடி படி" என்றார். அதனால் நானும் உளுந்திலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கே மழை உங்களுக்கு நேர்மாறு. வைகாசியில் பிடித்தால் ஐப்பசி வரை விடாது. உங்களுக்கு அடைமழை வரும் நேரத்தில் எங்களுக்கு வானம் வெளுத்துவிடும். ஆனியில் நாற்றங்கால், ஆடியில் நடவு, கார்த்திகையில் அறுப்பு. அதன் பிறகு தை, மாசி வரை ஒரு துளி மழையை நம்ப முடியாது. ஆனால் வயலில் ஈரம் இருக்கும், விடியற்காலையில் பனி இறங்கும். அந்த ஈரத்தையும் பனியையும் வைத்து விளைவதுதான் உளுந்து. எங்கள் ஊரில் நெல்லை அறுத்துக் கட்டுத் தூக்கிய பிறகு ஒரு ஓட்டு உழுது விதைப்போம். மாசியில் செடியைப் பிடுங்கிக் களத்தில் காயப்போட்டு அடிப்போம். பர்மியர் இதை மட்பே என்பார்கள். அவர்கள் சமையலில் உளுந்துக்குப் பெரிய இடம் கிடையாது. விளைவதில் பெரும்பகுதி கப்பலேறி இந்தியாவுக்குத்தான் போகிறது. உங்கள் ஊர் மளிகைக் கடையில் "பர்மா உளுந்து" என்று கேட்டுப் பாருங்கள், எடுத்துத் தருவார்கள். உங்கள் வீட்டு இட்லி மாவில் எங்கள் வயல் உளுந்து என்றைக்காவது அரைபட்டிருக்கும்.

நெல் சாப்பாட்டுக்கும் கடனுக்கும் போய்விடும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு, பெண்ணுக்கு ஒரு சங்கிலி, கூரைக்குத் தகரம், இதெல்லாம் உளுந்துக் காசு. அதனால் 2017 ஆகஸ்ட் மாதத்தை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. இந்தியாவில் பருப்பு விளைச்சல் மிகுந்து விலை சரிந்ததால், அங்குள்ள அரசு உளுந்து இறக்குமதிக்கு ஆண்டு உச்சவரம்பு போட்டது. உங்கள் விவசாயிகளைக் காப்பாற்றச் செய்தார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த மாசியில் அடித்த உளுந்தை இன்னும் விலை ஏறும் என்று சித்தப்பா மூட்டையாக வீட்டில் அடுக்கி வைத்திருந்தார். அதற்கு முந்தைய வருஷம் நல்ல விலை கண்டவர். வியாபாரி வருவது நின்றது. பிறகு வந்தவர் சொன்ன விலை முந்தைய வருஷத்தில் பாதிகூட இல்லை. மூட்டையில் வண்டு விழ ஆரம்பித்ததும் கொடுத்துவிட்டார். தன் வயலில் மழை, பூச்சி, எலி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட ஒரு மனிதருக்கு, டில்லியில் போட்ட ஓர் உத்தரவு விலை வைத்தது. 2021இல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு வழி திறந்தார்கள். அதற்குள் எங்கள் தெருவில் இரண்டு குடும்பம் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு யங்கோன் (பழைய ரங்கூன்) போய்விட்டது.

சரி, செட்டியார் கதைக்கு வருகிறேன். கோபம் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆங்கிலேயர் 1852இல் கீழ்ப் பர்மாவைப் பிடித்தபோது ஐராவதி டெல்டாவில் பெரும்பகுதி காடும் சதுப்பும். 1850களில் நெல் விளைந்த நிலம் 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930களில் அது 80 லட்சத்தைத் தாண்டியது. காட்டைத் திருத்தியவர்கள் பெரும்பாலும் பர்மிய விவசாயிகள். வெட்டவும் உழவும் பணம் வேண்டும். வங்கி அவர்களுக்குக் கொடுக்காது. செட்டியார் கொடுத்தார், நிலத்தை ஈடாக வைத்துக்கொண்டு. நெல் விலை நன்றாக இருந்தவரை வட்டி கட்டினார்கள். 1930 வாக்கில் உலகம் முழுக்க மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. முதலும் வட்டியும் திரும்பவில்லை. நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்தது சாகுபடி நிலத்தில் 6 சதவீதம். 1937இல் 25 சதவீதம். ஏழே வருஷம். அவர்கள் நிலம் கேட்டு வந்தவர்கள் கிடையாது, பணத்தைத்தான் கேட்டார்கள் என்று சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தாத்தா வெட்டித் திருத்திய வயலில் பேரன் குத்தகைக்காரனாக நின்றானே, அவனுக்கு அந்த விளக்கத்தால் என்ன பயன்? அந்தக் கோபத்தின் நடுவில்தான் 1930 டிசம்பரில் சயா சான் என்பவர் தலைமையில் விவசாயிகள் கலகம் வெடித்தது. நான் தமிழன் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன்.

அதே சமயம் இன்னொரு தமிழனையும் நீங்கள் பார்க்க வேண்டும். என் தாத்தா ராமநாதபுரத்திலிருந்து, கூலிக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தவர். அறுப்புக் கூலி, அறுப்பு முடிந்தால் ரங்கூன் அரிசி ஆலையில் மூட்டை. பத்து வருஷம் இப்படிப் போய், பெகு பக்கத்தில் ஒரு செட்டியார் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். அதே நிலத்தைக் கேட்டு நின்ற பர்மியரைவிட அதிகக் குத்தகை தர ஒப்புக்கொண்டதால்தான் அவருக்குக் கிடைத்தது. இதை அவரே அப்பாவிடம் சொல்லியிருக்கிறார், பெருமையாகச் சொல்லவில்லை. அந்தப் பர்மியரின் குடும்பம் இன்னும் எங்கள் அடுத்த வாய்க்கால்காரர்கள். 1942இல் தாத்தா ஓடாமல் நின்றபோது அவரைத் தங்கள் வீட்டுக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்ததும் அவர்கள்தான்.

சுதந்திரம் வந்தது, 1948இலும் 1953இலும் நில தேசியமயச் சட்டம் வந்தது. நிலம் அரசுக்கு, உழுகிற உரிமை மட்டும் உழுகிறவனுக்கு. செட்டியார்கள் ஊர் திரும்பினார்கள். 1964இல் அரசு கடைகளையும் எடுத்துக்கொண்டபோது வியாபாரிகள், குமாஸ்தாக்கள் கப்பலேறினார்கள். தமிழ்நாட்டில் உள்ள பர்மா பஜாரும் பர்மா காலனிகளும் அப்படி வந்தவை. வயலில் இருந்தவர்களில் பலர் போகவில்லை. எடுத்துக்கொள்ள அவர்களிடம் கடை இல்லை, நடவும் பாதியில் இருந்தது. அப்புறம் நெல்லில் ஒரு பங்கை அரசு சொன்ன விலைக்கு அளந்தாக வேண்டும் என்ற கட்டாயம். அது முற்றாகப் போனது 2003இல். நடுவில் 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. அப்பத்தா மண் கலயத்தில் சேர்த்து வைத்திருந்தது முழுக்க 75 கியாட் நோட்டு. கடைசி வரை அதை எரிக்கவிடவில்லை.

இன்றைய தொல்லை காகிதம். 2012இல் வந்த விவசாய நிலச் சட்டப்படி, நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைக்குப் படிவம் 7 என்று ஒரு சான்று வேண்டும். அது இருந்தால்தான் வேளாண் வங்கியில் பயிர்க்கடன் சுலபம். அது இல்லாதவர் வெளியே வட்டிக்கு வாங்குவார். அதைக் கேட்கப் போனால் முதலில் குடியுரிமை அட்டையைக் கேட்பார்கள். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம்மவர்களில் பலருக்கு அந்த அட்டையே பெரும்பாடு. மூன்று தலைமுறையாக ஒரே சேற்றில் காலை வைத்தவர், தாத்தா எந்த வருஷம் எந்தக் கப்பலில் வந்தார் என்று சொல்ல எழுத்தர் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. சித்தப்பாவுக்கு அட்டை கிடைக்கப் பதினொரு வருஷம் ஆனது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

ஏன் அங்கேயே இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். இதைச் சித்தப்பாவிடமே கேட்டேன். ராமநாதபுரத்தில் மழை எந்த மாதம் வரும் என்றே தனக்குத் தெரியாது என்றார். பிள்ளைகளுக்குத் தமிழ் மாரியம்மன் கோவிலில் சாயங்காலம் நடக்கும் வகுப்போடு சரி, வீட்டில் பாதி பர்மியம். பொங்கல் அன்று அடுத்த வாய்க்கால்காரர் வீட்டுக்கு ஒரு பானை போகும், அவர்கள் அறுப்பு முடிந்தால் ஒரு கூடை புது அரிசி வரும். எடை போடும்போது பெய்த்தா என்று பர்மியத்தில் சொல்வார்கள். ஆங்கிலேயர் கணக்குகளில் அதையே 'விஸ்' என்று எழுதினார்கள், அது நம் வீசை என்ற சொல்லிலிருந்து போனது. அளவு கொஞ்சம் கூடுதல், 1.63 கிலோ வரும்.

இனி சித்தப்பாவின் கேள்விகள். நான் எழுதி அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். கூலி ஆள் கிடைப்பதில்லை, டீசல் விலையில் டிராக்டர் பிடித்து உழவும் கட்டுப்படியாகவில்லை. அதனால் உங்கள் முறையைப் போட்டுப் பார்க்க நினைக்கிறார். அறுப்புக்கு எத்தனை நாள் முன்னால் தெளிப்பீர்கள்? சேறு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், கால் புதைகிற மாதிரியா, மெழுகு போலவா? ஏக்கருக்கு எவ்வளவு விதை? அறுக்கிறவர் கால் பட்டு முளை நசுங்காதா? இங்கே சில வயலில் இப்போது அறுவடை எந்திரம் இறங்குகிறது, அதன் சக்கரத்துக்கு உளுந்து தாங்குமா?

ஐப்பசிக்குள் எழுதினால் இந்த வருஷமே அரை ஏக்கரில் போட்டுவிடுவார்.