கச்சேரி மேடையும் கேமராவும்: வாசகர் கேள்வி, கும்பகோணத்திலிருந்து பதில்

எங்கள் ஊர்த் திருவிழாவில் நடந்த மெல்லிசைக் கச்சேரியைப் படம் எடுத்தேன். பாடகரின் முகம் கண், மூக்கு தெரியாமல் தக்காளிப் பழம் மாதிரி வந்திருக்கிறது. சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் வேறு. கேமரா கெட்டுவிட்டதா?
கல்லூரி மாணவர், மன்னார்குடி

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. இவை இரண்டும் வேறு வேறு கோளாறு. தக்காளியை முதலில் பார்ப்போம்.

கேமராவின் சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. சிவப்புக்கு மொத்தத்தில் கால் பங்குதான். மேடையில் சுத்தமான சிவப்பு எல்இடி விழும்போது அந்தக் கால் பங்கு மட்டும் வேலை செய்கிறது, மற்றவை பட்டினி கிடக்கின்றன. கேமரா சராசரி பார்த்துவிட்டு 'இருட்டாக இருக்கிறதே' என்று இன்னும் ஒளியை உள்ளே விடும். சிவப்புக் கட்டங்கள் வழிந்துவிடும். மரக்கால் நிரம்பிய பிறகு எவ்வளவு நெல்லைக் கொட்டினாலும் அளவு ஒரு மரக்கால்தானே? அதே கதைதான். கன்னத்துக்கும் மூக்குக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அங்கேதான் தொலைந்தது.

அதனால் சிவப்போ ஊதாவோ விழும்போது எக்ஸ்போஷரை, அதாவது கேமரா உள்ளே விடும் ஒளியை, ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் இறக்கினால் ஒளி பாதியாகும்), தேவைப்பட்டால் ஒன்றரை ஸ்டாப் இறக்கிவிடுங்கள். திரையில் ஹிஸ்டோகிராம் என்கிற வெளிச்ச வரைபடம் (இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம்) பார்க்கும் வசதி இருந்தால் மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்த வரைபடம் சாதுவாக இருக்கும், சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். சென்சார் பார்த்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுங்கள். அப்படியும் தேறாத படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், பாதிக்கு உயிர் வந்துவிடும்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. மேடைக்குப் பக்கத்தில் விளக்குப் பலகையை வைத்துக்கொண்டு பட்டன்களைத் தட்டிக்கொண்டிருப்பானே ஒரு பையன், கச்சேரிக்கு முன்னாலேயே அவனோடு ஒரு டீ குடியுங்கள். போன வருஷம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் அப்படித்தான் செய்தேன். "அண்ணே, ரெண்டாவது சரணத்துல முன்னாடி வெள்ளை போடறேன், ரெடியா இருங்க" என்றான். அந்த ஒரு சரணத்தில் எடுத்ததுதான் அன்றைக்கு உருப்படியானது. பழக்கம் பிடிக்க முடியாவிட்டால் இரண்டு பாட்டு சும்மா உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலான குழுக்களில் விளக்கு ஒரே வரிசையில்தான் திரும்பத் திரும்ப ஓடும். யாருக்காவது பொன்னாடை போர்த்தும்போது கண்டிப்பாக வெள்ளை வரும்.

இப்போது கறுப்புப் பட்டை. நம் மின்சாரம் 50 சுழற்சி. அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகின்றன. எல்இடியைக் குறைத்து எரிய வைக்கும்போது அது அதைவிட வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அதிலும் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரி வரியாகப் படிக்கிறது. விளக்கு அணைந்த நேரத்தில் படித்த வரியெல்லாம் கறுப்பு. நானே இதில் மாட்டியிருக்கிறேன். ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியில் முன் வரிசைக்குத் தொந்தரவு வேண்டாமே என்று நல்ல பிள்ளையாகச் சத்தத்தை நிறுத்திவிட்டு இரவு முழுக்க எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வித்வானுக்கு நெற்றியில் மட்டுமல்ல, ஜிப்பா வரைக்கும் பட்டை.

எனவே மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். ஷட்டர் வேகம் நொடியில் 1/100 பங்கு அல்லது 1/50 பங்கு. அப்படியும் பட்டை விழுந்தால் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, எடுத்தவுடன் பெரிதாக்கிப் பாருங்கள். புதிய கேமராக்களில் விளக்குத் துடிப்பைச் சமாளிக்கத் தனி வசதியே இருக்கிறது, மெனுவில் தேடுங்கள்.

மகள் பெரிய கோயிலில் நாட்டியாஞ்சலிக்கு ஆடப் போகிறாள். என்னிடம் செல்போன் மட்டும்தான். போன தடவை எடுத்ததில் முகம் வெளுத்துப்போய், கை எல்லாம் புகை மாதிரி இருந்தது.
வாசகி, தஞ்சாவூர்

நைட் மோடில் எடுத்திருப்பீர்கள் அம்மா. அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக அடுக்குகிற வித்தை. கோபுரத்துக்குச் சரி, ஆடுகிற பிள்ளைக்குச் சரிப்படாது. நடராஜருக்கே நாலு கைதான், உங்கள் மகளுக்கு ஆறு, ஏழு வந்துவிடும். முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

முகம் வெளுப்பதற்குக் காரணம் பின்னால் இருக்கும் இருட்டு. போன் அந்த இருட்டையும் சேர்த்துக் கணக்குப் பண்ணி வெளிச்சத்தைக் கூட்டுகிறது. மகளின் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலான போன்களில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். அப்புறம் விரலைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். நெற்றிச்சுட்டியின் கல் தனித்தனியாகத் தெரிகிற வரைக்கும் குறையுங்கள். சுற்றிலும் இருட்டானால் இருட்டாகட்டும்.

ஜூம் செய்யாதீர்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் பல போன்கள் ஜூம் லென்ஸை விட்டுவிட்டுப் பெரிய லென்ஸின் படத்தையே வெட்டிக் காட்டுகின்றன. சீக்கிரம் போய் முன்னால் ஓர் ஓரமாகத் தரையில் உட்காருங்கள். ஜதி முடிகிற இடத்தில், தீர்மானம் என்கிற முடிப்பை வைத்துவிட்டுக் குழந்தை ஒரு கணம் அசையாமல் நிற்பாள். வீட்டில் அவள் பயிற்சி செய்யும்போது கூடவே இருந்திருப்பீர்கள், அந்த இடம் எனக்குத் தெரிவதைவிட உங்களுக்குத் தெரியும். அதற்கு அரை நொடி முன்பே பட்டனை அழுத்திப் பிடித்து வரிசையாக எடுங்கள்.

திருவையாறு ஆராதனைக்கு வருஷா வருஷம் போகிறேன். கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் வைத்திருக்கிறேன். பந்தலுக்குள் எடுத்தால் மங்கலாகவே வருகிறது. ஃபிளாஷ் போடலாமா, விலை அதிகமான லென்ஸ் வாங்க வேண்டுமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், பாபநாசம்

ஃபிளாஷ் வேண்டாம் சார். மரியாதையை விடுங்கள், கணக்கே உதைக்கிறது. கேமரா தலையில் இருக்கும் சின்ன ஃபிளாஷ், லென்ஸ் துவாரம் 5.6, ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 400 என்று வைத்தால் சுமார் நாலு மீட்டர் எட்டினால் பெரிது. நீங்கள் உட்கார்ந்திருப்பது அதற்கு மேல். முன்னால் இருப்பவரின் வழுக்கைதான் பளபளக்கும்.

விலை உயர்ந்த லென்ஸும் வேண்டாம். 50 எம்எம், 1.8 துவாரம் உள்ள சின்ன லென்ஸ் ஒன்று வாங்குங்கள், லென்ஸ்களிலேயே மலிவான வகை அதுதான். துவார எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. உங்கள் லென்ஸ் 55-இல் 5.6 வரைதான் திறக்கும். 1.8 அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 1600, 3200 என்று ஏற்றத் தயங்காதீர்கள். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் 400 ஃபிலிமைப் போட்டு, இருட்டறையில் மருந்தில் கூடுதல் நேரம் ஊறவைத்து 1600 ஆக்குவோம். படம் ரவை உப்புமா மாதிரி இருக்கும், அதையும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். குருணை விழுந்த படத்தை மன்னிக்கலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

இனி ஷட்டர். எல்லோரும் என்னிடம் ஒரு எண் கேட்கிறார்கள். பாட்டைக் கேட்டால் எண் தானே வரும் என்பது என் கட்சி. ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாடும் தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகள், அந்தப் பஞ்சரத்தினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ராகம் ஐந்து, ஆனால் தாளம் ஐந்துக்கும் ஆதிதான். நூற்றுக்கணக்கான பேர் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து ஒன்றாகத் தாளம் போடுகிறார்கள். ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. தட்டு விழும்போது கை வேகமாக இறங்குகிறது. வீச்சில் உள்ளங்கை மேலே திரும்பி ஒரு கணம் நிற்கிறது. எட்டு எண்ணினால் ஆறாவதும் எட்டாவதும் அது. பந்தலில் மேலிருந்து வரும் வெளிச்சம் அத்தனை உள்ளங்கையிலும் ஒரே நேரத்தில் விழும். புறங்கை கறுத்துக் கிடந்த வரிசை சட்டென்று வெளுத்துக்கொள்வதைப் பார்க்க வேண்டுமே! நிற்கிற கைக்கு 1/125 போதும். அதே கையைத் தட்டில் பிடிக்க 1/500 போட்டாலும் கொஞ்சம் கலங்கியிருக்கும்.

தனிக் கச்சேரியிலும் இப்படித்தான். பாடுபவர் மேல் ஷட்ஜத்தில் கார்வை கொடுத்து, அதாவது ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து நிற்கும்போது 1/60 போதும், மூச்சுகூட ஆடாது. பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரரின் விரலுக்கு 1/250-க்குக் குறைந்தால் விரல் காணாமல் போய்விடும். முடிவில் மூன்று தடவை வாசிக்கும் கோர்வை மூன்றாம் தடவை வரும்போது விரலை விட்டுவிட்டு முகத்துக்குப் போய்விடுங்கள். சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில் வந்து விழுந்ததும் பாடுபவரும் மிருதங்கக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒன்று மட்டும் கவனம். பந்தல் ஓரத்தில் இருப்பவர்களை எடுக்கும்போது பின்னால் வெயில் அடித்தால் முகம் கறுத்துவிடும். ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தில் வையுங்கள்.

கச்சேரியில் படம் எடுக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?
வாசகர், மயிலாடுதுறை

நடத்துகிறவரிடம் ஒரு வார்த்தை, பாடுகிறவரிடம் ஒரு வார்த்தை. ஆலாபனையின்போது எழுந்து நடமாடாதீர்கள். கோயிலுக்குள் என்றால் சன்னதிப் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது.

இரவுப் புறப்பாட்டில் தவில் வாசிப்பதைப் படம் எடுப்பது எப்படி?
வாசகர், நீடாமங்கலம்

தவில் மேதை மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஊரிலிருந்து தவிலைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள், சரி.

புறப்பாட்டில் வெளிச்சம் நம்மோடு நடந்துகொண்டே இருக்கும். முன்பு தீவட்டியும் பெட்ரோமாக்ஸும். இப்போது ஜெனரேட்டர் வண்டியிலிருந்து வெள்ளை எல்இடி. ஊர்வலம் நிற்கிற முச்சந்தியில் முன்கூட்டியே போய் நில்லுங்கள். விளக்கு உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் படம் சப்பென்று இருக்கும். பக்கவாட்டில் இருந்தால் நாகஸ்வரக்காரரின் கன்னம் உப்புவதும் ஊதுகிற சீவாளி உதட்டில் பதிவதும் தெரியும், நாகஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணைசின் விளிம்பில் ஒரு கோடு மின்னும்.

தவிலில் இரண்டு கைக்கும் இரண்டு வேலை. வலது கை விரல்களில் தொப்பி மாதிரி மாட்டிய கூடு, இடது கையில் குச்சி. இரண்டையும் உறைய வைத்தால் தவில்காரர் சும்மா நிற்பது போல இருக்கிறது. நான் 1/60 வைத்து, ஃபோகஸை முகத்தில் பூட்டிவிடுவேன். முகம் நிற்கும், குச்சி விசிறியாகப் பறக்கும். பத்து எடுத்தால் ஒன்று தேறும்.

அப்படித் தேறிய ஒன்றை ஒரு தவில் வித்வானிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லாம் சரி தம்பி, குச்சியைக் காணோமே?" என்றார். அடுத்த வாரம் அவர் பையன் ஸ்டுடியோவுக்கு வந்து, முகூர்த்தம் பேச வருகிறவர்களிடம் காட்ட வேண்டுமாம் என்று அதே படத்தில் நாலு பிரிண்ட் வாங்கிக்கொண்டு போனான்.