வீட்டுக்கே வரும் மலப் பரிசோதனையைப் பலர் ஏன் செய்வதில்லை?

இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தக் குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக் குப்பி தபாலில் இலவசமாக வருகிறது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இது. கட்டிகளும் அவற்றுக்கு முந்தைய சதை வளர்ச்சிகளும் அவ்வப்போது கசியும் என்பதுதான் அடிப்படை. எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டர் ஓடினால் எங்கோ கசிவு என்று புரியும், ஆனால் எங்கே என்று தெரியாதல்லவா? அதுபோலத்தான்.

வலி இல்லை, செலவில்லை. அப்புறம் ஏன் தயக்கம்? அருவருப்பு, முடிவு என்னவாகுமோ என்ற பயம், 'எனக்குத்தான் ஒன்றும் இல்லையே' என்ற நினைப்பு. இதில் அருவருப்பைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. பழைய முறையில் மூன்று முறை மலம் எடுத்து அட்டையில் தடவ வேண்டும். 2019-இல் ஒரே முறை குச்சியால் தொட்டுக் குப்பியில் போட்டால் போதும் என்று மாற்றினார்கள். அதற்கு முந்தைய சோதனை ஓட்டத்திலேயே பங்கேற்பு சுமார் 7 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. அறிவுரையைவிட வேலையைக் குறைத்ததே பலன் தந்தது என்பேன்.

ரத்தம் தெரிந்தாலே புற்றுநோய் என்று பலர் நினைக்கிறார்கள். மூலநோயாலும் வரலாம், உறுதி செய்யக் குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் உள்நோக்கிச் சோதனை (கொலோனோஸ்கோபி) வேண்டும்.